கிழிசலுக்குக் காரணம் கேட்ட டெய்லர்

இந்த ஊர் போலீஸைக் கண்காணிக்க ஆணையம் உண்டு, குடிமக்கள் குழு உண்டு, சுவருக்குச் சுவர் கேமரா உண்டு. ஆனால் நான் பார்த்தவரையில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர் ஒரே ஒருவர்தான். அவர் இந்தக் கன்னட நகரில் தமிழர் மிகுந்த ஜோகுபாளையத்தில், எங்கள் தெருமுனையில், ஆறடிக்கு ஏழடிக் கடையில் (டேப் வாங்கி நானே அளந்தேன்) காக்கிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். பெயர் எனக்குத் தெரியாது. தெருவுக்கே அவர் ‘காரணம் டெய்லர்’.

சுற்றுவட்டாரத்து போலீஸ்காரர்கள் அவரிடம்தான் தைத்தார்கள். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல், எண்ணியிருக்கிறேன். தொல்லை என்னவென்றால், கிழிந்த துணி எப்படிக் கிழிந்தது என்று சொல்லாமல் ஊசியைத் தொட மாட்டார். சொல்வதை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். பக்கத்துக்கு இரண்டு பத்தி. முதல் பத்திக்குத் தலைப்பு, ‘ஆள் சொன்ன காரணம்.’ இரண்டாவதற்கு, ‘துணி சொன்ன காரணம்.’ இரண்டுக்கும் கீழே கையெழுத்து வாங்கிய பிறகுதான் சட்டை கைக்கு வரும்.

ஒருநாள் நான் கடையில் காத்திருந்தபோது, பின்பக்கம் கிழிந்த பேன்ட்டோடு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார்.

“நாய் கடிச்சிடுச்சு டெய்லரே. ஸ்வல்ப சீக்கிரம் தெச்சுக் குடு.”

“அவ்ளோ ஒசரத்துலயா சார்? நாய் ஸ்டூல் போட்டு ஏறிச்சா?”

“பெரிய நாய்யா!”

“பல்லு பட்டா ஓட்டை வுழும் சார். இது தையலோட பிரிஞ்சிருக்கு. போன வருஷம் இடுப்பு முப்பத்தெட்டு, இப்ப நாப்பத்திரண்டு. குந்துனீங்களா?”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். “குந்துனேன்” என்றார். அந்த அதிகாரி வாங்கிய வாக்குமூலங்கள் எத்தனையோ. கொடுத்தது அநேகமாக இது ஒன்றுதான்.

எனக்கும் சலுகை கிடையாது. சட்டைப்பை கிழிந்ததற்கு, துணி மட்டம் என்றேன். “ஒரு பாக்கெட்டுல அஞ்சு பேனா. கிழியாம பூவா பூக்கும்?” என்று இரண்டாம் பத்தியில் எழுதிவிட்டார். ஐந்துக்கும் தனித்தனி உபயோகம் இருந்ததை அவர் கேட்கவே இல்லை.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஆட்டோ ஓட்டும் செல்வம் இருந்தார். வண்டி நிறுத்திய தகராறில் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்தார்கள். பிறகு நாலு பக்கத்தில் கையெழுத்து வாங்கி, அவர்தான் போலீஸைத் தாக்கினார் என்று கேஸும் போட்டார்கள். செல்வம் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்கு மனுக் கொடுத்தார். அடித்தவர் யார் என்று கேட்டார்கள். முகத்தில் டவலைப் போட்டு அடித்தால் முகம் எப்படித் தெரியும்? கேமரா அன்று ரிப்பேராம். விழுந்தபோது கைக்கு அகப்பட்ட, அடித்தவரின் சட்டைப்பை கிழிந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். புகார் தள்ளுபடியானால் மிஞ்சுவது அவர் மேல் உள்ள கேஸ்தான். ஆட்டோ ஓட்டும் பேட்ஜும் போய்விடும்.

இதை டெய்லரிடம் ஊர்க்கதை போலத்தான் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தினார்.

“என்னிக்கு சார் அது?”

“இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.”

நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“பத்து சட்டைக்கு ஒம்போது காக்கி சார் நம்ம கடையில. நான் போய்ச் சொன்னா அப்புறம் எவன் வருவான்?”

“அப்படியானால் வேண்டாம்” என்றேன்.

“எழுதினதை வெச்சிகினு சும்மா இருந்தா, நான் இன்னாத்துக்கு எழுதணும்?” என்று நோட்டை மூடினார்.

விசாரணைக்கு நானும் போனேன். பதினேழு நாற்காலி, ஒன்பது பேர். தலைமை வகித்த ஓய்வுபெற்ற நீதிபதி கன்னடக்காரர்; தமிழில் இருந்த நோட்டைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார். படித்தேன். ஓர் ஏட்டின் பெயர். செல்வத்தை அடித்ததற்கு மறுநாள் தேதி. ‘ஆள் சொன்ன காரணம்: ஜன்னல் கம்பி. துணி சொன்ன காரணம்: கம்பி என்றால் குறுக்கே கிழியும். இது கீழ்நோக்கி இழுபட்டிருக்கிறது. தரையில் கிடந்த ஆள் பிடித்துத் தொங்கியிருக்கிறான். பெயர்ப் பட்டை குத்தும் ஊசித் துளைகள் இழுபடாமல் சுத்தமாக இருக்கின்றன. அடிக்கும் முன்னாடியே பட்டையைக் கழற்றிவிட்டார்.’ கீழே ஏட்டின் கையெழுத்து.

ஏட்டின் வக்கீல் எழுந்தார். தன் கட்சிக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தெரியாத எழுத்துக்குக் கீழே வாங்கிய கையெழுத்து எப்படிச் செல்லும் என்று கேட்டார்.

“நியாயம்தான் சார்” என்றார் டெய்லர். “நம்ம செல்வத்துக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஸ்டேஷன்ல அவன்கிட்ட நாலு பக்கம் கையெழுத்து வாங்கிருக்காங்களே, அது மட்டும் செல்லுமா?”

வக்கீல் உட்கார்ந்தார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மூன்று முறை துடைத்தார். முதல் முறையிலேயே அது சுத்தமாகிவிட்டது.

ஏட்டின் மேல் துறை விசாரணை வந்தது. செல்வத்தின் மேலிருந்த கேஸ் போனது, பேட்ஜ் தப்பியது. டெய்லர் கடைக் கொடியில் எப்போதும் தொங்கும் இருபத்து மூன்று காக்கிச் சட்டைகள் பதினொன்றாயின, பிறகு நான்கு, பிறகு வெறும் கொடி. ஒருவரும் மிரட்டவில்லை, ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். செல்வம் தன் ஆட்டோவிலேயே மிஷினை ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே சந்தாபுராவில், டெய்லரின் மகள் வீட்டுப் பக்கம் இறக்கிவிட்டு வந்தார். டெய்லர் அங்கே இப்போது ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறார்.

மாதம் ஒருமுறை நான் அங்கே போகிறேன், ஒரு பித்தானுக்காகவாவது. இரண்டு பஸ், போகவர நாலு மணி நேரம், முழங்கால் வலி தனி. ஜோகுபாளையத்தில் இப்போதும் ஐந்து டெய்லர்கள் இருக்கிறார்கள். ஐந்து பேரும் நன்றாகவே தைக்கிறார்கள்.