கத்திரிச் செடிக்குக் கறுப்புக் கயிறு

திருவிடந்தைப் பக்கம் கத்திரித் தோட்டம் வைத்திருந்தவர்களெல்லாம் கிளம்பிவிட்டார்கள், கையில் ஆளுக்கொரு புள்ளி விழுந்த இலையோடு. எங்கே? இலைச் சித்தரைப் பார்க்க! போன வருஷம் வரை மாமல்லபுரத்தில் சங்கு விற்றவர்தான். சங்கில் லாபமில்லை போலிருக்கிறது, ஞானம் பிறந்துவிட்டது.

இலையை மோந்து பார்ப்பார். "பொறாமைக் கண்ணு!" என்பார். மந்திரித்த கறுப்புக் கயிறு கொடுப்பார். செடிக்குச் செடி கட்டினால் புள்ளி பரவாதாம். பல தோட்டங்களில் நின்றும் விட்டதே! தோட்டக்காரர் தாவீது சர்ச்சுக்குப் போன கையோடு வந்து வரிசையில் நின்றார். "கர்த்தர் பாத்துப்பாரு. இருந்தாலும் ஒரு கயிறு இருக்கட்டுமே" என்றார்.

வம்பு வந்தது இன்னொரு தோட்டக்காரர் திருவேங்கடம் வீட்டில். செடி தேறியதும் காணிக்கையாகக் கறவை மாட்டை ஓட்டிப்போவேன் என்று சித்தர் சொல்ல, இந்த மனுஷனும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"கொயந்தைங்க பாலுக்கு இன்னா பண்ணும்?" என்று பொங்கினாள் மனைவி பூங்கொடி. தாவரவியல் படித்துவிட்டுப் பொத்தேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்.

"சாமி குத்தம் ஆயிடும்டி."

"சரி, குடு கயித்த. நானே கட்றேன்."

கொஞ்ச நாளில் புள்ளிகள் காய்ந்து நின்றன. மாட்டை ஓட்டிப்போகச் சித்தர் வந்தார். ஊரே கூடிவிட்டது.

"பாத்தியா தாயே, என் கயித்தோட மகிமைய!"

"நல்லா பாத்து சொல்லு சாமி. இது உன் கயிறுதானா?"

சித்தர் ஒன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் மந்திரம் இதுல துடிக்குது!"

"துடிக்கும், துடிக்கும். அது என் பழைய பாவாடை நாடா."

சித்தர் கொடுத்த கயிற்றுக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே அவர் காலடியில் போட்டாள். சித்தர் அவசரமாகக் கண்ணைத் துடைத்தார்.

"அப்ப புள்ளி எப்பிடி நின்னுச்சி?" என்றார் திருவேங்கடம்.

"செடியே நிறுத்திக்கிச்சி. நோய் நுழைஞ்ச எடத்த சுத்தி தன் சதைய தானே சாவடிச்சிடும். நோய் தாண்ட முடியாம உள்ளயே மாட்டிக்கும். நம்பலன்னா கெணத்தாண்ட போய் பாரு. அங்க ஒண்ணுமே கட்டல."

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் புள்ளி நின்றிருந்தது. திரும்பி வந்தால் சித்தரைக் காணோம். மாடு இருந்தது, பூங்கொடிக்கு அது போதும்.

கூட்டம் மட்டும் கலையவில்லை. தாவீது மெல்ல நெருங்கினார்.

"யம்மா பூங்கொடி, அந்த நாடா இன்னும் கொஞ்சம் கீதா?"

மூளை இல்லாத செடி பிழைத்துக்கொண்டது. மூளை இருக்கிற நம்மை நினைத்தால்தான் ஐயா பயமாயிருக்கிறது. கொஞ்சம் உபயோகித்துத்தான் பாருங்களேன், தேய்ந்தா போய்விடும்?