ராஜாவுக்கு ஒரு தாடை

மியூசியக் காப்பாளர் ராஜாவின் எலும்புகளைக் கழுவி ஜன்னலோரம் காயவைத்துவிட்டு டீ குடிக்கப் போனதுதான் தப்பு. திரும்பி வந்தால் கீழ்த்தாடையைக் காணோம். தெருநாய் ஒன்று எதையோ கவ்விக்கொண்டு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. நாய்க்கு ராஜாவாவது மந்திரியாவது, எலும்பு எலும்புதான்.

மறுநாள் ராஜாவின் வாரிசு அம்மாள் வருகிறார். முன்னோர் கண்ணாடிப் பெட்டியில் காட்சிப்பொருளாகக் கிடந்தது போதும், முறையாக அடக்கம் செய்ய வேண்டும் என்று கோர்ட்டுக்கே போனவர். டி.என்.ஏ. சோதனையில் எலும்பும் அவர் ரத்தமும் ஒத்துப்போனால் ராஜா மண்ணுக்குள் போய்விடுவார், நாய் விவகாரமும் கூடவே புதைந்துவிடும். ஒத்துப்போகாவிட்டால் விசாரணை. ஓய்வுபெறப் போகும் நேரத்தில் பென்ஷன் அம்பேல்.

மெடிக்கல் காலேஜ் எலும்பு அறையில் வேலை பார்க்கும் மச்சினனுக்குப் போன் போட்டார். ராஜாவுக்கு ஒரு தாடை வேண்டும், ஏன் எதற்கென்று கேட்காதே என்றார். அவனும் கேட்காமல் சாயங்காலமே பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

பொருந்தினால்தானே! அவ்வளவு பெரிய தலைக்கு இத்தனூண்டு தாடை. அரத்தால் ராவினார். ராவ ராவ இன்னும் சின்னதானதுதான் மிச்சம். பசை போட்டார், கோணலாக ஒட்டிக்கொண்டது. பளிச்சென்று தெரிந்ததால் டீத்தண்ணீரைப் பூசினார். இப்போது ராஜா நக்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி நாட்டை அதட்டியிருப்பார் என்று காப்பாளருக்கே யோசனை வந்தது.

வாரிசு அம்மாள் பெட்டியைப் பார்த்ததும் கண்கலங்கி, இது எங்கள் குடும்பத்துச் சிரிப்பேதான் என்றார். காப்பாளருக்கு உயிர் வந்தது. ஆனால் கூட வந்த நிபுணர், தாடைப் பல்லில்தான் மாதிரி எடுப்பேன் என்று இடுக்கியோடு குனிந்தார். காப்பாளர் குறுக்கே பாய்ந்தார்.

"முகத்துல கைவைக்காதீங்க சார், அம்மா மனசு கஷ்டப்படும். தொடை எலும்புல எடுத்துக்கோங்க."

அம்மாளும் தலையாட்டினார். நிபுணர் தொடையில் துளைபோட்டு எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் காப்பாளர் மச்சினனுக்கு டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"தப்பிச்சேன்டா மாப்ளே. தாடைப் பக்கமே போகவிடலை."

மச்சினன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? ராஜா குள்ளமா கூனலா இருக்காருன்னு உங்க பழைய ஆபீசர் அவரை எங்க பீரோவுல போட்டுட்டு, எங்க நெட்டை எலும்புக்கூட்டைத் தூக்கிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அந்தப் பெட்டியிலேயே ராஜாவோடதுன்னு இருக்கிறது நான் குடுத்த தாடை ஒண்ணுதான்."