பெலிண்டாவுக்கு வாசித்த இரண்டு ஓலைகள்

காட்டூர், திருச்சி
சனிக்கிழமை

அன்பு மகள் பெலிண்டாவுக்கு,

அப்பா விக்டர் எழுதுவது. தென்துருவக் கடலில் நீயும் கப்பலும் உன் நுண்பாசிகளும் ஆண்டவர் அருளால் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். கல்யாண நேரத்தில் நீ இங்கே இல்லையே என்று தூங்காமல் கிடக்கும் உன் அம்மாவும் சுகம் என்று எழுதினால் பொய்ச்சாட்சி ஆகிவிடும்.

உடனே புறப்பட்டு வரவும். பிரவீன்ராஜ் வரனைப் பற்றிக் கேட்டபோது நீ, "சரிப்பா, பாசி பூத்து முடியட்டும், வந்து அவரோட பேசிட்டுச் சொல்றேன்" என்றாய். பள்ளி அலுவலகத்தில் முப்பது வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவன் நான், மனுவில் முதல் வரியைப் பார்த்ததும் உத்தரவு போட்டே பழக்கம். "சரிப்பா" போதும் என்று கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப் பெயர் கொடுத்துவிட்டேன். ஃபாதர் உன் கையெழுத்தைக் கேட்டார். "கப்பல்ல இருக்கா ஃபாதர், சம்மதம் சொல்லிட்டா" என்றேன். இரண்டு ஞாயிறு பூசையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தாகிவிட்டது, நாளை மூன்றாவதும் கடைசியும். மூன்று வாரத்தில் தவக்காலம் பிறந்துவிடும், அப்புறம் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. நீயோ பனி இன்னும் விலகவில்லை, பாசி இன்னும் பூக்கவில்லை என்று எழுதுகிறாய். மண்டபத்துக்காரரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

இன்று காலை மாப்பிள்ளையின் அப்பா பிராங்க்ளினும் அம்மா கேத்தரினும் வந்தார்கள். "பாசியப் பார்க்க உலகத்தோட கடைசி வரைக்கும் போகணுமாங்க? எங்க ஜீயபுரம் வாய்க்கால்ல இல்லாத பாசியா?" என்றார் பிராங்க்ளின். "நாம இழுக்குற மூச்சுல பாதி கடல் பாசி குடுக்குறதுங்க" என்று நீ சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தேன். "எங்களுக்கு அது வேணாங்க, கொல்லையில ரெண்டு வேப்பமரம் நிக்குது" என்றார் அந்த அம்மா. பழத்தட்டோடு ஐந்து லிட்டர் கேன் நிறைய வாய்க்கால் தண்ணீரும் வைத்தார்கள். "மருமக இதை வச்சு ஆராய்ச்சி பண்ணட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் கப்பல் எல்லாம் கிடையாதுங்க" என்றார் பிராங்க்ளின். நான் காபி கொடுத்தேன். வேறு என்ன செய்ய? கேன் வாஷிங் மெஷின் மேல் இருக்கிறது, வீடே நாறுகிறது.

பாசி அடுத்த வருஷமும் பூக்கும். ஆகவே அங்குள்ள யாரிடமாவது பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பு. அந்தோணியார் உன்னைக் குளிரிலிருந்தும் பெரியவர்கள் பேச்சை மீறும் புத்தியிலிருந்தும் காப்பாராக.

அன்புடன்,
அப்பா

பி.கு. (ஞாயிறு மதியம்): நேற்று சாயங்காலம் கேனைக் கொட்டப் போனேன். பரணில் கிடந்த உன் பள்ளிக்கால மைக்ராஸ்கோப் கண்ணில் பட்டது. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். பச்சையாக என்னென்னவோ ஓடின, ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கே எனக்கு இந்தக் கதி என்றால், கடலையே விட்டுவிட்டு வா என்று உன்னைக் கூப்பிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. ஓலையின் முடிவில் 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும்' என்று இரண்டு வாரமாகக் கேட்டார்கள். காலையில் பூசைக்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டேன். தடை: பெண் சொன்னதில் முதல் வார்த்தையைத் தவிர மற்றதை அப்பா கணக்கில் எடுக்கவில்லை.

நீ வராதே. பாசி பூக்கட்டும். தடை சொன்ன பாவி யார் என்று அம்மா காட்டூர் முழுக்க விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நானும் கூடப் போய்த் தேடிவிட்டு இப்போதுதான் வந்தேன்.