மனிதக் குரல் கட்டாயம்

தொலைபேசிக் கம்பி மனிதர் பேசுவதற்கே உரியது என்பதில் தொலைபேசித் துறைக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. பல் டாக்டரின் வீட்டுக் கம்பியிலோ, மாலைதோறும் கீச்சென்றும் கரகரவென்றும் ஓர் ஓசை எழுந்து, ஒரு சொல்லும் இல்லாமல் நெடுநேரம் நீடித்தது. ஆகவே ஆய்வு அதிகாரி நேரில் எழுந்தருளினார்.

“பழுது இல்லைங்க சார், மோடம் போடற சத்தம்,” என்றார் டாக்டர்.

தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி. அதன் முதுகில் தொலைபேசிக் கம்பி. ஊரின் மறுகோடியில், மனைவியின் அண்ணன் வீட்டிலும் அதேபோல் ஒன்று. கம்பி வழியே இருவரும் கார்ப் பந்தயம் விடுவார்கள். சொத்துப் பிரிவினையோடு பேச்சு நின்றது, பந்தயம் நிற்கவில்லை. மச்சான் என்று டாக்டருக்கு மிஞ்சியிருந்தது திரையில் ஓடும் அந்தச் சிவப்புக் கார்தான்.

“அப்போ இந்த லைன்ல யாரும் பேசறதே இல்லையா?”

“பேசினா ஆட்டம் அறுந்துடும் சார்.”

“பேசாத இணைப்பைத் துண்டிக்கணும். ரெண்டு வீட்டுலயும்.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கே. என் முன்னாடி பேசிக் காட்டுங்க. மனிதக் குரல்னு சான்று குடுத்துட்டா, அப்புறம் அது எப்படிக் கத்தினாலும் எங்களுக்கென்ன?”

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “வேண்டாம் சார். அண்ணனும் இவரும் பேசாம இருக்கறதாலதான் ஒத்துமையா இருக்காங்க.”

குடும்பத்தினரின் கருத்துக்கு விதியில் இடமில்லை. அதிகாரி சோதனைக் கருவியைக் காதில் பொருத்திக்கொண்டார். டாக்டர் எண்ணைச் சுழற்றினார்.

“மச்சான்... நான்தான்.”

“மாப்ளேயா! நல்லாயிருக்கீங்களா?”

“இருக்கேன்.”

அத்துடன் பேச்சு தீர்ந்தது. “போதாது சார்,” என்று கிசுகிசுத்தார் அதிகாரி. “உரையாடல்னு சொல்ற அளவுக்கு வேணும்.”

டாக்டர் திணறித் தேடிப் பிடித்தார். “குரல் ஏன் மச்சான் கொழகொழன்னு வருது?”

“புதுப் பல் செட்டு. இன்னும் பழகல.”

“யாரு கட்டினது?”

மறுமுனையில் வெறும் செருமல். “பேசச் சொல்லுங்க, பேசச் சொல்லுங்க,” என்றார் அதிகாரி.

“கடைத்தெருவுல... அந்தப் புது டாக்டர்.”

“இங்க நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உனக்கு அவன் கேக்குதா?”

“உன்கிட்ட வாயைத் திறந்துட்டுப் படுக்க எனக்கென்ன பைத்தியமா?”

“அப்போ காரையும் அவன்கூடவே ஓட்டிக்கோ!”

ரிசீவர்கள் இரண்டும் ஒருசேர விழுந்தன.

“அருமை! இரு முனையிலும் தெளிவான மனிதக் குரல்,” என்று அதிகாரி கையொப்பமிட்டார். இணைப்பு நிரந்தரமாக்கப்பட்டது.

அன்று முதல் அந்தக் கம்பியில் எவ்வித ஓசையும் எழவில்லை. பழுது அடியோடு நீக்கப்பட்டதாகத் துறை அறிவித்தது. அதை மறுக்க இரு வீட்டிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.