மாதிரி நோயாளி

"கொஞ்சம் சோகமா உட்காருங்க சார். நீங்க போதைக்கு அடிமையான இளைஞர்."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் முன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு ஊழியர். எதற்கெடுத்தாலும் ரசீது கேட்பதால் போதை மீட்பு மையம் முழுக்க அவருக்கு ரசீது சார் என்றே பெயர்.

கவுன்சிலர் செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, பதிவுப் பொத்தானை அழுத்தி, மடியிலிருந்த கையேட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"இந்தப் பழக்கம் உங்க வாழ்க்கையை எப்படி மாத்தியிருக்குன்னு சொல்ல முடியுமா?"

"எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாதுங்க. வேணும்னா எழுதியே தர்றேன்."

"சார், இது நடிப்பு!"

"ஓ." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமா மேடம், நான் அடிமைதான். ஆனா உங்களைப் பார்த்ததும் திருந்திட்டேன். ரொம்ப நன்றி. வரட்டுமா? மாசக் கடைசி, வேலை தலைக்கு மேல கிடக்கு."

வீடியோ இருபது நிமிடம் ஓட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

சிக்கல் இதுதான். இளம் வயதினருக்கு மனநல சிகிச்சையும் போதை மீட்பு சிகிச்சையும் தருகிறவர்கள் எல்லோரும் புதிய பயிற்சியை முடித்து அங்கீகாரத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று சுகாதாரத் துறை உத்தரவு போட்டிருந்தது. பாடங்கள் எல்லாம் இணையம் வழியாக. கவுன்சிலர் அவற்றை விழுந்து விழுந்து படித்துக் கரைத்துக் குடித்திருந்தாள். மிச்சம் இருந்தது கடைசிப் படி மட்டும். ஓர் ஆலோசனை அமர்வைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். உண்மையான நோயாளியைப் படம்பிடிக்கக் கூடாது. பதினெட்டு வயது தாண்டிய யாராவது ஒருவர் மாதிரி நோயாளியாக நடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் வீடியோ போய்ச் சேராவிட்டால் திங்கட்கிழமை முதல் மையத்தின் இளையோர் பிரிவுக்குப் பூட்டுதான்.

பூட்டு என்று நினைத்தாலே அவள் கண் முன்னால் வந்து நின்றது ஒரு தொப்பி. தொப்பிக்காரி என்று அவள் மனதுக்குள் கூப்பிடும் அந்தப் பெண் வாரக்கணக்கில் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்ததே இல்லை. போன வாரம்தான் தொப்பியை லேசாக மேலே தள்ளிவிட்டு, "அடுத்த தடவை எப்ப வரணும்?" என்று கேட்டாள். கவுன்சிலர் சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டு, நேராகக் கழிவறைக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தாள். இந்த நேரத்தில் அவளை வேறு ஊருக்கு, வேறு ஆளிடம் அனுப்பினால் தொப்பி மறுபடியும் கீழே இறங்கிவிடும்.

"யாரையாவது பிடிங்கம்மா" என்றார் மையத்தை நடத்தும் பெரிய டாக்டர். "வீட்டுல ஆளே இல்லையா?"

வீட்டில் கணவர் இருந்தார். சோபாவில் உட்காரவைத்ததும் ஒத்துக்கொண்டார். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"உங்களை யாருமே புரிஞ்சுக்கலைன்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று கையேட்டின்படி ஆரம்பித்தாள்.

கணவரின் முகம் மலர்ந்தது. "எப்பவாவதா?"

"கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க."

"சொல்றேன். எங்கக்கா வந்திருந்தப்ப நடந்ததுலேருந்து ஆரம்பிக்கவா, இல்ல ஃபிரிட்ஜ் வாங்கினதுலேருந்தா?"

ஃபிரிட்ஜிலிருந்து ஆரம்பித்தார். கவுன்சிலர் தலையாட்டினாள், "அது உங்களுக்கு வருத்தமா இருந்திருக்கு" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், மூச்சை இழுத்து விட்டாள். பேச்சு அக்காவிடம் வந்து சேர்ந்தபோது கையேடு மடியிலிருந்து நழுவி விழுந்தது. வீடியோவின் கடைசிப் பகுதியில் கவுன்சிலர் எழுந்து நின்று, நோயாளியைப் பார்த்து, "அப்ப நீங்க மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்று கத்துவது தெள்ளத்தெளிவாகப் பதிவாகியிருந்தது.

"நல்லா வந்திருக்கு இல்ல?" என்றார் கணவர். மனபாரம் இறங்கி ஆள் இலேசாகியிருந்தார்.

"என் தம்பியைக் கூப்பிடேன்" என்று அவரே யோசனையும் சொன்னார். தம்பிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் ஆண்டு விழா நாடகத்தில் வருடா வருடம் ராஜா வேஷம் அவருக்குத்தான்.

கொழுந்தன் மறுநாளே வந்தார், கலைந்த தலையும் கிழிந்த சட்டையுமாக. சட்டையைக் கிழித்ததே இதற்காகத்தானாம். கேமரா ஓடத் தொடங்கியதும் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உருண்டார்.

"முடியலையே! என்னால முடியலையே! என்னைக் காப்பாத்துங்க அண்ணி!"

"அண்ணின்னு சொல்லாதீங்க" என்று பல்லைக் கடித்தாள். "நான் கவுன்சிலர்."

"கவுன்சிலர் அண்ணி! இந்த நரகத்துலேருந்து என்னைத் தூக்கி விடுங்க!"

குரல் ராஜா குரல். ஜன்னலோ திறந்திருந்தது. அடுத்த நிமிடம் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டம்மா ஒரு கையில் முதலுதவிப் பெட்டியும் மறு கையில் தண்ணீர்ச் செம்புமாக நின்றார். பின்னால் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"ஒண்ணுமில்லைங்க, சும்மா நடிக்கிறார்" என்றாள் கவுன்சிலர்.

கீழ்வீட்டம்மா தரையில் கிடந்தவரைப் பார்த்தார். கிழிந்த சட்டையைப் பார்த்தார். கவுன்சிலரின் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார். "எங்ககிட்ட மறைக்கணுமாம்மா? ஊருக்கெல்லாம் நீ பார்க்கறே. உன் வீட்டுக்குன்னு வந்தா நாங்க இல்லையா?"

சாயங்காலத்துக்குள் லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாம் கவுன்சிலரிடம் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கிவிட்டார்கள். இத்தனைக்கும் அது நாள் வரை அவளைத் தெருவிளக்கு எரியாவிட்டால் புகார் சொல்ல வேண்டிய வார்டு கவுன்சிலர் என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

செய்தி கொழுந்தனின் மனைவி காதுக்கும் போனது. வியாழக்கிழமை காலை கவுன்சிலர் மையத்துக்குள் நுழைந்தபோது, காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளாகக் கொழுந்தன் உட்கார்ந்திருந்தார். அவர் மணிக்கட்டை மனைவி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, நீங்களாவது ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"இல்லம்மா, அவர் நடிச்சார். எனக்காக நடிச்சார்."

"நானும் அதைத்தான் சொல்றேன்! கல்யாணமான ரெண்டு வருஷமா எங்கிட்ட நடிச்சிருக்கார்!"

"எனக்கு ஒண்ணுமே இல்லை!" என்றார் கொழுந்தன்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் பரிவோடு சிரித்தாள். "எல்லாரும் முதல்ல இப்படித்தான் சார் சொல்வாங்க."

"நிஜமாவே எனக்கு எதுவும் இல்லைங்க!"

"கோபப்படறார் பாருங்க. அதுவும் வரும்" என்று அவள் மனைவியிடம் சொன்னாள்.

மறுக்க மறுக்கச் சிக்கல் இறுகியது. ரத்தம், சிறுநீர் என்று எல்லாப் பரிசோதனைக்கும் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர் மணிக்கட்டுக்கு விடுதலை கிடைத்தது. அந்த அமளியில் பகல் முழுவதும் ஓடிப்போனது. ரசீது சார் மட்டும் பரிசோதனைக் கட்டணத்துக்கு ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு, "நல்ல நடிப்புங்க" என்று கொழுந்தனின் முதுகைத் தட்டினார். அவர் ஒருவர்தான் நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை கவுன்சிலர் விடுப்பு எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். ஆள் இல்லை. மாலைக்குள் அனுப்ப எதுவும் இல்லை.

"நான் வேணா பண்ணட்டுமாம்மா?"

மகள். கல்லூரியில் முதல் ஆண்டு. போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. வீட்டில் இத்தனை கூத்து நடந்தும் ஒரு வார்த்தை பேசாமல் தன் அறையில் இருந்தவள்.

"உனக்கு நடிக்கத் தெரியுமாடி?"

"தெரியாது. பார்க்கலாம்."

செல்போன் ஓடத் தொடங்கியது. மகள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை. உருளவில்லை. சட்டைக் கையின் நுனியை நெருடிக்கொண்டே இருந்தாள்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை. மத்தவங்கதான் பிரச்சினைன்னு சொல்றாங்க."

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"நான் வீட்டுலேயே இல்லையாம். இருக்கேன். அதே மேசையில உட்கார்ந்து சாப்பிடறேன். என்ன சாப்பிட்டேன்னுதான் தெரியாது."

கவுன்சிலர் அடுத்த கேள்விக்காகக் கையேட்டைப் பார்த்தாள். எழுத்து கண்ணில் பதியவில்லை.

"விட முயற்சி பண்ணியிருக்கீங்களா?"

"தினமும். இதோட போதும்னு நினைப்பேன். அப்புறம் இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு தோணும். யாராவது வந்து கூப்பிட்டா எரிஞ்சு விழுவேன். அவங்க முகம் சுருங்கிப் போறது தெரியும். இருந்தாலும் கை தானா அங்கேதான் போகும்."

கையேடு எப்போது கீழே போனது என்று அவளுக்கே தெரியாது. நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே போனாள்.

"விட்டுட்டா என்ன ஆகும்னு பயப்படறீங்க?"

மகள் சட்டைக் கையை விட்டுவிட்டு முழங்காலை இறுக்கிக்கொண்டாள். "விட்டுட்டா, நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமோன்னு பயம்."

இந்தப் பயத்துக்கு எந்தப் பாடத்திலும் பதில் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் அப்போது நினைவுக்கு வந்திராது.

"இன்னிக்கே எல்லாத்தையும் விடணும்னு நான் சொல்லலை" என்றாள் மெதுவாக. "ஒரே ஒரு வேளை. உங்களுக்குப் பிடிச்சவங்களோட உட்கார்ந்து, அதைத் தொடாம, ஒரு வேளை சாப்பாடு. முடியுமா?"

"அவ்வளவு நேரமா?" மகள் யோசித்தாள். பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "முயற்சி பண்ணிப் பார்க்கலாம்."

இருபது நிமிடம் முடிந்தது. வீடியோ போய்ச் சேர்ந்தது. மகள், "வரேம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கவுன்சிலர் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடிக்கத் தெரியாது என்று சொன்ன பெண் இப்படி எப்படி நடித்தாள்?

கணவர் வந்து பார்த்தபோது மனைவி மகளின் அறையில், துவைக்கப் போட்டிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"உங்க பொண்ணு கெட்டுப்போயிட்டாங்க!"

இருவருமாகத் தேடினார்கள். மெத்தையைத் தூக்கினார்கள். புத்தகங்களை உதறினார்கள். அகப்பட்டது பாதி தின்ற சாக்லேட்டும், காணாமல் போயிருந்த கணவரின் கத்தரிக்கோலும்தான். "இதை வெச்சு என்ன பண்ணியிருப்பா?" என்று கணவர் கத்தரிக்கோலைக் கலவரத்தோடு பார்த்தார்.

சாயங்காலம் துறையிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போடும் அம்மையார்.

"உங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தாச்சு. இந்த வருஷம் நான் பார்த்ததுலேயே நல்ல அமர்வு இதுதான். கையேட்டைக் கீழே போட்டுட்டீங்க பாருங்க, அங்கேதான் முழு மார்க்கும்."

"ரொம்ப நன்றிங்க."

"ஒரு விஷயம். அந்தப் பொண்ணு சொன்னது கற்பனையாத் தெரியலை. நிஜத்துல அப்படி ஒரு ஆள் இருந்தா உடனே கவனிங்க. பயப்பட வேணாம், முழுசா சரியாகக்கூடிய கட்டம்தான்."

தொப்பிக்காரிக்குத் திங்கட்கிழமை வழக்கம்போல வரலாம் என்று செய்தி அனுப்பினாள். உடனே ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. கொழுந்தனின் பரிசோதனை முடிவும் ஒரு குறையும் இல்லை என்று வந்து சேர்ந்தது. மனைவி அவருக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கவுன்சிலருக்கு மட்டும் எதிலும் மனம் ஒட்டவில்லை.

மகள் வீடு திரும்பியதும் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கவுன்சிலர் தயாராக இருந்தாள். 'குடும்பத்தினரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி' என்ற கூடுதல் பாடத்தைப் பயிற்சித் தளத்தில் தேடிப் பிடித்திருந்தாள். அடிக்கடி குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டாள்.

"கண்ணா, அம்மா உன்னைத் திட்டப் போறதில்லை."

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "நான் என்ன பண்ணினேன்?"

குனிந்தாள், நிமிர்ந்தாள். "நீ எதைச் சொன்னாலும் இந்த வீடு உன் வீடுதான். காலையில நீ சொன்னதெல்லாம் நடிப்பு இல்லைன்னு அம்மாவுக்குத் தெரியும்."

"நடிப்புதாம்மா. நிஜத்துல ஒரு ஆளைப் பார்த்து, அப்படியே பண்ணினேன்."

கவுன்சிலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கணவரும் நீண்ட மூச்சு விட்டார். மகளுக்கு ஒன்றுமில்லை! அந்த நிம்மதியின் கையைப் பிடித்துக்கொண்டே கடமையுணர்ச்சியும் வந்தது.

"பாவம், யாருடி அது? காலேஜ்ல கூடப் படிக்கிற பொண்ணா? திங்கட்கிழமையே கூட்டிட்டு வா. இளையோர் பிரிவுல நானே பார்த்துக்கறேன். அம்மாவுக்குத்தான் அங்கீகாரம் வந்துடுச்சே!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"இளையோர் பிரிவுல சேர்த்துக்க மாட்டாங்கம்மா" என்றாள் மகள். "அவங்களுக்கு நாற்பத்தாறு வயசு, இப்பக்கூட போனை மடியில ஒளிச்சு வெச்சுப் பாடம் படிச்சுக்கிட்டேதான் எங்கிட்ட பேசிட்டிருக்காங்க."