சார்லஸ் கட்டிய குளியலறை

புதுக் குளியலறைக்கு வாசப்படி இல்லை என்பதை சார்லஸ் காலால்தான் கண்டுபிடித்தான். பழக்கத்தில் காலைத் தூக்கி வைத்தான். தாண்டுவதற்கு எதுவும் இல்லாததால் கால் தடுமாறி, காயாத சிமெண்டில் அவனுடைய செருப்பு அப்படியே பதிந்தது.

"ஆண்டியப்பண்ணே, நிலைக்கு அடியில படிய எங்க?"

கொத்தனார் ஆண்டியப்பன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "வைக்கல தம்பி. படி இருக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

ஆண்டியப்பன் தன் மனைவியைப் பார்த்தார். சொர்ணவல்லிதான் அவருக்குச் சித்தாள். கலவைச் சட்டியோடு நின்றிருந்தவள், கூரையில் ஏதோ பல்லியைத் தேடுபவள்போல அண்ணாந்து பார்த்தாள்.

"பொதுவாச் சொல்றதுதான்," என்றார் ஆண்டியப்பன்.

படி இல்லாவிட்டால் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வரும் என்றான் சார்லஸ். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் ஒன்றை நடத்துபவன் அவன். உருகும் தண்ணீரோடு தினமும் மல்லுக்கு நிற்கிறவனிடம், வாசலை ஒட்டி நீளமாக ஒரு வடிகால் வைத்தால் போதும் என்று ஒரு கொத்தனார் சொன்னால் எடுபடுமா? தண்ணீர் விஷயத்தில் தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மாலைக்குள் கருங்கல் படி ஒன்று நிலைக்கு அடியில் வந்து உட்கார்ந்தது.

இத்தனைக்கும் அந்தக் குளியலறை, படி ஏற முடியாத ஒருத்திக்காகக் கட்டப்படுவது.

சார்லஸின் மனைவி ஷர்லி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரில் போனபோது லாரி இடித்ததில் அவள் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியிலேயே பள்ளிக்குத் திரும்பினாள். வகுப்பில் பிள்ளைகள் முன்னைவிட அதிகமாகத்தான் பயந்தார்கள். வீட்டில்தான் சிக்கல். கொல்லைப்புறக் குளியலறைக்குள் நாற்காலி நுழையாது. தினமும் சார்லஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போய் பிளாஸ்டிக் சேரில் உட்கார வைப்பான். அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று, சுவரைப் பார்த்து நின்றுகொண்டே தண்ணீர் மொண்டு கொடுப்பான். "இன்னைக்குச் செவுத்துல என்ன படம் ஓடுது?" என்று அவள் கேட்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

முழு ஆண்டு விடுமுறைக்கு மணமேல்குடியில் இருக்கும் அம்மா வீட்டில் அவளை விடப் போனபோது, காரில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"என்னங்க, கதவைச் சாத்தித் தாப்பாப் போட்டுக்கிட்டு, நானா ஒருநாள் குளிக்கணும். அம்புட்டுத்தான்."

திரும்பி வந்ததும் சார்லஸ் ஆண்டியப்பனைக் கூப்பிட்டுவிட்டான். கூடத்தை ஒட்டிய சின்ன அறையைக் குளியலறையாக்க வேண்டும். அவள் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிய வேண்டும். அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது.

கடலில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்தன, ஐஸ் பிளான்ட் ஓடவில்லை. ஆகவே மேற்பார்வைக்கு சார்லஸுக்கு நாள் முழுவதும் நேரம் இருந்தது. தடைக்காலம் எப்போது முடியும் என்று அந்த நாட்களில் மீனவர்களைவிட அதிகமாக விசாரித்தவர் ஆண்டியப்பன்தான்.

படி வைத்த மறுநாள்தான் நாற்காலி எப்படி அதைத் தாண்டும் என்ற யோசனை சார்லஸுக்கு வந்தது. வெளியே கூடத்தில் ஒரு சாய்தளம், உள்ளே தரையைப் படியின் உயரத்துக்கு ஏற்றிவிடலாம் என்றான். ஏற்றினார்கள். ஏற்கெனவே பொருத்தியிருந்த கழிப்பறைக் கோப்பை பாதி புதைந்து, குழந்தைகள் உட்காரும் உயரத்துக்கு வந்துவிட்டது. அதைப் பெயர்த்தெடுத்து மேடை கட்டி மேலே வைக்கச் சொன்னான். இப்போது அது திருவிழாச் சப்பரத்தில் ஏற்றிய மாதா சுரூபம்போல உயரத்தில் நின்றது.

"இதுல ஏறி உக்காந்தா கடல் தெரியும்," என்றாள் சொர்ணவல்லி.

மேடையைப் பாதி உடைத்தார்கள். உடைக்கிறபோதே கோப்பை இருக்கும் இடமும் சார்லஸின் கண்ணை உறுத்தியது. அதன் இடப்பக்கம் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு வெற்றிடம் கிடந்தது. இத்தனை இடத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்று கேட்டான். நாற்காலியை ஒட்டி நிறுத்த அந்த இடம் வேண்டியிருக்கும் என்று ஆண்டியப்பன் ஆரம்பித்தார். சொர்ணவல்லி இருமினாள். அவர் நிறுத்திக்கொண்டார். கோப்பை மூலைக்குப் போனது.

பிறகு கதவு. ஆண்டியப்பன் அதை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டியிருந்தார். கூடத்தில் உட்காரும் விருந்தாளியின் மூக்கில் குளியலறைக் கதவு இடித்தால் ஊர் என்ன பேசும்? உள்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள்.

பிறகு சுவர்க் கம்பி. சார்லஸ் அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்று பார்த்தான். தொடையில் இடித்தது.

"கைப்பிடின்னா கைக்கு எட்டணும்ணே. தொடைக்கு எட்டுனா எப்படி?"

"உக்காந்து பாருங்க தம்பி."

"உக்காந்தா எதுக்குப் பிடிமானம்? எந்திரிக்கத்தானே பிடிமானம்."

சொல்லிவிட்டு சார்லஸ் கம்பியைத் தடவிப் பார்த்தான். எழுந்திருக்கிறவள் இல்லையே அவள். ஆனால் ஆண்டியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது சொன்னதுதான். கம்பி நெஞ்சு உயரத்துக்கு ஏறியது. அதற்குத் துணையாக, சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியும் ஏறியது.

கடைசியாகத் தரை. ஆண்டியப்பன் போட்டிருந்த சரிவு கண்ணுக்கே தெரியவில்லை. சார்லஸ் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். அது அவசரமில்லாமல் நடந்து போனது. ஐஸ் பிளான்டில் தண்ணீர் இப்படி உலாவப் போனால் தொழில் நடத்த முடியாது. அங்கிருக்கிற அதே சரிவைத்தான் இங்கேயும் போட வேண்டும் என்று கூடவே நின்று போட வைத்தான். அடுத்த வாளித் தண்ணீர் பாய்ந்து போய் எதிர் மூலையில் விழுந்தது. அன்றைக்குத்தான் அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை சோதனை. ஷர்லியின் சக்கர நாற்காலி அவளோடு மணமேல்குடியில் இருந்ததால், ஐஸ் பிளான்ட் ஆபீஸிலிருந்து சக்கரம் வைத்த நாற்காலியைத் தூக்கி வந்தான். அதில் உட்கார்ந்து, ஆண்டியப்பனைத் தள்ளச் சொன்னான்.

சாய்தளத்தில் ஏறியது. படியைக் கடந்தது. அதன் பிறகு தள்ளுவதற்கு ஆண்டியப்பன் தேவைப்படவில்லை. நாற்காலி தானாகவே புறப்பட்டது. சார்லஸ் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினான். கம்பி எங்கேயோ மேலே போய்க்கொண்டிருந்தது. அந்த எதிர் மூலையில் இருந்த வாளிக்குள் இரண்டு காலும் இறங்கியபோதுதான் பயணம் முடிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சொர்ணவல்லி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தாள்.

கதவைச் சாத்தப் போனால் நாற்காலியில் இடித்தது. நாற்காலியை நகர்த்தினால் அது மூலைக்கு ஓடியது. துறைமுகத்துக்குப் போய் விசைப்படகு கட்டும் கயிறு வாங்கி வந்தான் சார்லஸ். சுவரில் கொக்கி அடித்து, நாற்காலியை அதில் கட்டிவிடலாம் என்றான். மூன்று படகைக் கட்டலாம் இதில் என்று ஆண்டியப்பன் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

எல்லோரும் போன பிறகு, கயிற்றில் கட்டிய நாற்காலியில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைப் பார்த்தான். அதில் கூரை மட்டும் தெரிந்தது. தன் முகம் எங்கே என்று எட்டி எட்டிப் பார்த்தான். ஆண்டியப்பன் இதை முதலில் எங்கே மாட்டியிருந்தார் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தான்.

ஞாயிறு காலை ஷர்லி வந்து இறங்கினாள். இறங்கும்போதே அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. கூலி வாங்க வந்திருந்த ஆண்டியப்பனும் சொர்ணவல்லியும் கூடத்தில் நின்றார்கள். சார்லஸ் அவள் கண்ணைத் தன் கையால் மூடி, சாய்தளத்தில் நாற்காலியை ஏற்றி, படியருகே நிறுத்தினான். கையை எடுத்தான்.

ஷர்லி பார்த்தாள். கம்பியை, கண்ணாடியை, மூலையில் ஒதுங்கியிருந்த கோப்பையை. வெகுநேரம் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"இந்தக் கயிறு எதுக்குங்க?"

"சேர் ஓடிராம இருக்க."

"கதவு சாத்த முடியுமா?"

"ஏன் முடியாது? சேர் இடிக்கும்தான். நான் உள்ள நின்னு சேரைத் தூக்கிப் பிடிச்சுக்குறேன், நீ சாத்தித் தாப்பாப் போட்டுக்க."

சொன்ன பிறகுதான் அது சார்லஸின் காதில் விழுந்தது. அவனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. யார் மேலாவது போட்டாக வேண்டும்போல இருந்தது. ஆண்டியப்பன் பக்கம் கையை நீட்டினான்.

"மொத நாள்லேருந்தே இவரு எல்லாத்தையும் தப்புத்தப்பாக் கட்டுனாரு ஷர்லி. படி இல்ல, கதவு திரும்பிக் கெடக்கு, கம்பி தொடைக்கிட்ட. நான்தான் நின்னு ஒவ்வொண்ணாத் திருத்துனேன். நான் இல்லாட்டி இன்னும் மோசமாப் போயிருக்கும்."

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ஷர்லி அவசரமாக சொர்ணவல்லியைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தாள். ஆனால் கட்டிய புருஷன் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க சொர்ணவல்லியால் முடியவில்லை.

"உங்க சந்தோசம் கெட்டுரும், வாயத் தொறக்காதீங்கன்னு டீச்சர் எங்கக்கிட்ட சத்தியம் வாங்குனாங்க தம்பி," என்றாள். "ஆனா நீங்க தப்புன்னு மாத்துனதெல்லாம், நான் போன் போட்டுக் கேட்டப்ப டீச்சரே அளவு சொல்லிக் கட்டச் சொன்னது."