நாற்பத்து மூன்று காலி பாட்டில்கள்

ஊருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்று யாராவது கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினால் நான் இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். போன மாதம் என் மகள் பள்ளித் தொண்டர் அணியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தபோதும் அப்படித்தான் தள்ளி நின்றேன். என் கணவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கம்மாகிட்ட கேளும்மா. பாட்டில் பொறுக்கறதுல அவங்கள அடிச்சிக்க ஆளே கிடையாது" என்று போட்டுக் கொடுத்தும்விட்டார். முழுக் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. இனி மறைத்துப் பயனில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் பழவேற்காட்டில் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர், பழவேற்காடு ஏரியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, நெல் விளைகிற பக்கம். தினமும் பஸ்ஸில் வந்து போவேன். ஏரி எனக்கு பஸ் ஜன்னல் வழியே தெரிகிற தண்ணீர், அவ்வளவுதான். அதைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

அந்த வருடம் எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு பதவிகள் வந்து சேர்ந்தன. பள்ளித் தொண்டர் அணித் தலைவி, பெண்கள் கபடி அணித் தலைவி. (இரண்டுக்கும் வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதை அப்போது நான் வீட்டில் சொல்லவில்லை.) பதவியோடு ஒரு விசிலும் வந்தது. பி.டி. டீச்சர் கழுத்தில் கிடந்த பழைய விசில். அதை என் கழுத்தில் மாட்டிய நிமிடத்தில் என் புத்தி என்னை விட்டு இறங்கிப் போய்விட்டது. சாப்பாட்டு வரிசைக்கு விசில், தண்ணீர்க் குழாய்க்கு விசில். வீட்டிலும் ஊதினேன். எங்கள் மாடு மூன்று நாள் சரியாகக் கறக்கவில்லை.

கபடியில் என் பாணி தனி. நானே பாடிக்கொண்டு போவேன், நானே மாட்டிக்கொண்டு வருவேன். எதிரணி ஆள் வரும்போது தடுக்கிறவர்கள் கைகோத்துச் சங்கிலி கட்ட வேண்டும். எனக்கு அது பிடிக்காது. மற்றவர்கள் கை வேர்க்கும். அதோடு, நான் பிடித்தேனா பக்கத்தில் நிற்பவள் பிடித்தாளா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் சங்கிலியில் என் இடம் எப்போதும் ஓட்டையாகவே இருக்கும். அந்த ஓட்டை வழியாகத்தான் எதிரணிக்காரிகள் சாவகாசமாகக் கோடு தாண்டுவார்கள். அதை அடைக்கிற வேலை வசந்திக்கு. மீனவக் குப்பத்துப் பெண். ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடித்தாளென்றால் பிடித்த கால் பிடித்ததுதான். உண்மையில் எங்கள் அணி என்பதே வசந்திதான். நாங்கள் ஆறு பேரும் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை பொன்னேரியில் போட்டி. அதற்கு முந்தைய சனிக்கிழமை தொண்டர் அணிக்குத் துப்புரவுப் பணி. இரண்டு இடங்கள்: டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், அப்புறம் ஏரிக்கரை. ஆட்களைப் பிரிக்கிற பொறுப்பு என்னுடையது. குப்பத்துப் பெண்கள்தான் ஏரியைத் தினமும் பார்க்கிறார்களே, அவர்களுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று அவர்களைக் கல்லறையில் புல் பிடுங்க அனுப்பினேன். வயல்காட்டுப் பெண்களான நாங்கள் ஏரிக்கு. இப்படி ஒரு பிரிவினையை நாட்டில் வேறு யாராலும் யோசித்திருக்க முடியாது.

வசந்தி ஒரு வார்த்தை சொல்லத்தான் வந்தாள். "அமுதா, ஏரிக்கு நாங்க போறோமே. தண்ணில கீறதெல்லாம் வந்து..."

நான் விசிலை ஊதினேன். வரிசையில் பேசக் கூடாது என்பது என் சட்டம்.

டீச்சர் கல்லறைக் கூட்டத்தோடு போனார். பாம்பு இருக்கும் என்ற பயம் அவருக்கு. ஏரிக்கரையில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது, தலைவி இருக்கிறாளே என்று எங்களை விட்டுவிட்டார்.

கரையில் குப்பை அதிகம் இல்லை. எனக்கு ஒரே ஏமாற்றம். அப்போதுதான் ஏரிக்குள் பார்த்தேன். முழங்கால் தண்ணீரிலிருந்து இடுப்புத் தண்ணீர் வரைக்கும், இங்கே ஒன்று அங்கே ஒன்றாகக் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதந்துகொண்டிருந்தன. என் ரத்தம் கொதித்தது. இவ்வளவு பெரிய ஏரியை இப்படியா பாழாக்குவார்கள்?

"எல்லாரும் இறங்குங்கடி!" என்று விசில் கொடுத்தேன்.

பாட்டில்கள் சும்மா வரவில்லை. ஒன்றைத் தவிர எல்லாவற்றின் கழுத்திலும் நைலான் கயிறு கட்டி, அது தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. நானா விடுவேன்? கையில் கதிர் அரிவாள் வைத்திருந்தேன். புதர் வெட்டுவதற்கு என்று காலையில் வீட்டிலிருந்து எடுத்து வந்தது. ("பள்ளிக்கூடத்துக்கு இன்னாத்துக்குமா அருவா?" என்று கேட்ட என் நைனாவுக்கு, "சேவை செய்ய" என்று பதில் சொல்லியிருந்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.) கதிர் அறுக்கிற மாதிரியே இடது கையால் பாட்டிலைப் பிடித்து, வலது கையால் ஒரே இழுப்பு. சரக், சரக் என்று அறுத்துத் தள்ளினேன். மற்றவர்கள் பொறுக்கிக் கரையில் சேர்த்தார்கள்.

ஒரு விஷயம் அப்போதே என் கண்ணில் பட்டது. சில பாட்டிலில் சிவப்புத் துணி, சிலதில் மஞ்சள், சிலதில் பழைய புடவைக் கரை கட்டியிருந்தது. முடிச்சுகளும் வேறு வேறு மாதிரி. புத்தி இருக்கிறவள் அங்கேயே நின்று யோசித்திருப்பாள். நான், 'குப்பை போடுவதில்கூட இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன ஒரு நேர்த்தி!' என்று வியந்துவிட்டு அடுத்ததை அறுத்தேன்.

மொத்தம் நாற்பத்து மூன்று. கோபுரம் மாதிரி அடுக்கி, அதன் உச்சியில் அரிவாளைச் செருகி, இடுப்பில் கை வைத்து நின்றேன். டீச்சர் வந்ததும் போட்டோ எடுக்கச் சொல்ல வேண்டும் என்று முகத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

முதலில் வந்தது வசந்தி. கல்லறை வேலை முடித்து, கையெல்லாம் மண்ணாக வந்தவள் கோபுரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மெதுவாகக் கிட்டே வந்து, புடவைக் கரை கட்டிய ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க நைனா முடிச்சுடி."

"எந்த முடிச்சு?"

"அமுதா, இன்னா பண்ணி வச்சிகிற நீ? இது குப்பை இல்ல. நண்டு வலைக்கு அடையாளம். வலை அடியில கீது. ரெண்டு முனைக்கும் ஒரு பாட்டிலு. இத்த வச்சித்தான் வலை எங்க கீதுன்னு தெரியும். இது யாரு வலைன்னு முடிச்ச பாத்தா தெரியும்."

"அப்போ வலை..."

"அதான் அறுத்துட்டியே. இனிமே ஏரிய கேளு."

அதற்குள் சேதி குப்பத்துக்குப் போய்விட்டது. நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் வசந்தியின் நைனா. திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கோபுரத்தைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நாங்க எப்பனா உங்க கழனில பூந்து, பச்சையா கீதேன்னு நாத்த புடுங்கிப் போட்டமா?"

திட்டியிருந்தால் தேவலை. டீச்சர் வந்து மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன்.

"மன்னிப்பு கெடக்கட்டும் டீச்சர். சாயந்திரத்துக்குள்ள வலை வரலன்னா நீரோட்டத்துல சுருட்டிகினு பூடும். இருக்கிற வலை அத்தோட சரி. வலை வந்தாத்தான் திங்கக்கிழமை என் பொண்ணு வரும். இல்லன்னா இந்தப் பள்ளிக்கூடத்து ஆட்டமே வாணாம்" என்றார் அவர்.

வசந்தி தலை நிமிரவில்லை. அவள் எட்டாம் வகுப்பிலிருந்து காத்துக்கொண்டிருந்த போட்டி அது. அதை என் அரிவாள் அறுத்துவிட்டது என்று புரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமான அழுகை. விசிலெல்லாம் நனைந்தது.

"அழுதுகினு நிக்காத. நீ நடந்து போய் அறுத்த எடந்தானே? நடந்து போய்த்தான் தேடணும். வாங்கடி எல்லாரும்!" என்றாள் வசந்தி.

ஆழத்தில் ஆண்கள் படகில் கொக்கி போட்டுத் துழாவினார்கள். ஆழமில்லாத இடம் எங்களுக்கு. ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் வலை தப்பிவிடக் கூடாது, அதனால் எல்லோரும் கைகோத்து வரிசையாகப் போக வேண்டும், காலால் தடவிக்கொண்டே. ஆமாம், சங்கிலி. நான் வாழ்நாளெல்லாம் தவிர்த்து வந்த அதே சங்கிலி. என் ஒரு பக்கம் வசந்தி, மறுபக்கம் ரஹீமா. எங்கள் அணியில் ரஹீமாவுக்குத்தான் உள்ளங்கை அதிகம் வேர்க்கும். அன்றைக்கு அதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு வாயில்லை.

சேறு எனக்குப் பழக்கம்தான். ஆனால் எங்கள் கழனிச் சேற்றில் எதுவும் திருப்பிக் கடிக்காது.

"தூக்கித் தூக்கி வைக்காதடி காலை. இழுத்துகினு வா" என்று வசந்தி சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கொஞ்சம் முந்தினால் கை இழுத்தது. கொஞ்சம் பிந்தினாலும் இழுத்தது. ஒரு தடவை வழக்கம்போல உத்தரவு போடலாம் என்று விசிலை வாயில் வைத்தேன். அதற்குள் சேறு புகுந்திருந்தது. புஸ் என்று ஒரு சத்தம். வரிசையே சிரித்தது. வசந்தியும் சிரித்தாள். எனக்கு உயிர் திரும்பியது.

ஒவ்வொன்றாக அகப்பட்டது. கிடைத்த வலைக்கு உரியவர் வந்து பாட்டிலைத் தேடி எடுத்துத் தன் முடிச்சைப் போட்டுக்கொண்டு போவார். வெயில் சாய்கிற நேரத்தில் இருபது வலை வந்துவிட்டது. பாக்கி ஒன்று. வசந்தியின் நைனாவுடையது. (கதையில்தான் இப்படி நடக்கும் என்பீர்கள். என் வாழ்க்கையிலும் இப்படி மட்டும்தான் நடக்கும்.)

அதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் அது என்னைக் கண்டுபிடித்தது. வலது கால் எதிலோ சிக்கியது. உதறினேன், இன்னும் சிக்கியது. அடுத்த நொடி என் கட்டைவிரலை ஒரு நண்டு பிடித்தது. வசந்தி கணுக்காலைப் பிடிக்கிற அதே பிடி. நான் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. அப்படியே மல்லாந்து விழுந்தேன். தண்ணீர் என் முகத்துக்கு மேலே மூடியது.

ஆனால் யாரும் கையை விடவில்லை. இரண்டு பக்கமும் இழுத்து என்னைத் தூக்கினார்கள். என்னோடு வலை வந்தது, வலையோடு நண்டு வந்தது. கரையிலிருந்து வசந்தியின் நைனா கத்தினார்: "உதறாதம்மா, உதறாத! வலை கிழிஞ்சிடப் போது!"

என் விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நியாயம்தான்.

இருபத்தொரு வலைக்கு நாற்பத்திரண்டு பாட்டில். நான் அறுத்தது அத்தனையும் அடையாளம். மிச்சமிருந்த ஒன்று, வெறுமனே மிதந்து வந்தது, உண்மையான குப்பை. ஒரு முழு நாள் துப்புரவுப் பணியில் நான் அகற்றிய மொத்தக் குப்பை அதுதான். அதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை. அன்று எங்கள் சேவையால் துன்பப்படாதவர்கள் டச்சுக்காரர்கள் மட்டுமே.

திங்கட்கிழமை வசந்தி வந்தாள். அவள் நைனாவும் வேலையை விட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றார். என் கட்டைவிரல் கத்திரிக்காய் நிறத்தில், அந்த அளவிலேயே வீங்கியிருந்தது. பாடிக்கொண்டு ஓட வழியே இல்லை. வேறு வேலை தெரியாததால் சங்கிலியில் போய் நின்றேன், ரஹீமாவுக்கும் வசந்திக்கும் நடுவில். முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரி பழக்கப்படி என் பக்கம் நழுவப் பார்த்தாள். ஓட்டை இல்லை. அவளை வளைத்து அமுக்கினோம். யார் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. கோட்டுக்கு வெளியிலிருந்து வசந்தியின் நைனா, "உதறாதம்மா, உதறாத!" என்று கத்தினார். அரையிறுதி வரை போனோம். அதில் தோற்றோம், அதுவும் கைகோத்தபடியே.

அதற்குப் பிறகு நான் பள்ளியில் எதை எடுப்பதற்கு முன்பும், "இது யாருது?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். பெஞ்சில் கிடந்த துடைப்பத்தைக்கூட. பள்ளி முடிகிற வரைக்கும் என் பெயர் 'பாட்டில்' அமுதா. விசிலைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். கடைசிவரை புஸ்தான்.

பல வருடம் கழித்துப் பொன்னேரியில் எனக்குக் கல்யாணம். என் கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. அவர் வீட்டாருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, தெரிய வேண்டாம் என்றும் இருந்தேன். வரவேற்பில் எங்கள் கபடி அணி மொத்தமும் மேடை ஏறியது. பெரிய பரிசுப் பெட்டி. மாமியார் ஆசையாகப் பிரித்தார். உள்ளே ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில், கழுத்தில் நைலான் கயிறு, புடவைக் கரை.

மாமியார் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. வசந்தி அதற்கெல்லாம் அசரவில்லை. கயிற்றின் மறு முனையை எடுத்து, போட்டோக்காரர் முன்னாலேயே, என் வளையலில் தன் நைனா முடிச்சைப் போட்டாள்.

"அடையாளம் கட்டியாச்சு. இது எங்களுது. எங்கனா காணாப்பூட்டான்னா நாங்க கைகோத்துகினு தேடிகினு வருவோம், பாத்துக்கோங்க மாப்ள" என்றாள்.

சிரிக்க வந்த எனக்கு அழுகைதான் வந்தது. கல்யாண ஆல்பத்தில் மாலையும் பாட்டிலுமாக மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் பாட்டில் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்குகிறது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்காமல் தூக்கிப் போடுவதில்லை. பழைய செய்தித்தாளை எடுத்தால்கூட, "அடியில வலை கீதான்னு பாத்தியா?" என்று என் கணவர் வசந்தி மாதிரியே கேட்பார். போன மாதம் என் மகள் தொண்டர் அணிக்குக் கிளம்பிய காலையில் அவளுக்கு வேண்டியதையெல்லாம் நானே எடுத்து வைத்தேன். தொப்பி, கையுறை, தண்ணீர்.

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, பெருமையாகக் கழுத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

"அம்மா, எனக்கு விசில் குடுத்திருக்காங்க!"